மலையேற்றத்தில் நின்றுபோகும் வேன்: காரணம் அறியும் முறை

தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அத்தூரத்திற்குள் சாலை 1,400 மீட்டர் உயரத்தைத் தாண்டுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளையோ நோயாளியையோ ஏற்றிவரும் பழைய வேன் நண்பகல் வெயிலில் இவ்வழியில் நின்றுவிட்டால் செய்ய வேண்டியது யாது? கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் வேனை மனத்திற்கொண்டு ஆராய்வோம்.

முதற்கடமை உயிர்ப் பாதுகாப்பு. கைபிரேக்கை இழுத்து, சக்கரத்தின் பின்புறம் கல்லை வைத்துப் பயணிகளைச் சாலையோரத்தில் இறக்கிவிட வேண்டும். பின்னர் வெப்பம் காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும். இரு வகைக் கோளாறுகளைப் பிரித்துக் காட்டுவது அதுவே.

முள் சிவப்பில் நின்றால், இயந்திரம் கொதித்துவிட்டது. 1,400 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 95 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் உள்ளிருக்கும் நீர் அதற்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. ஆகவே, சூடாக இருக்கும்போது மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். அரைமணி நேரத்திற்குக் குறையாமல் ஆறவிட்ட பின், விசிறிப் பட்டை தளர்ந்துள்ளதா, குழாய் கசிகிறதா, மூடியின் ரப்பர் வெடித்துள்ளதா என்று சோதிக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தலைக் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். வண்டியை ஓட்டாது இழுத்துச் செல்வதே நன்று.

முள் நடுவில் இருந்தும் இயந்திரம் திணறி நின்றால், பெட்ரோல் வழியை ஐயுறலாம். பெட்ரோலின் ஒரு பகுதி 40 பாகை அளவிலேயே ஆவியாகும். பல பழைய வேன்களில் இயந்திரம் முன்னிருக்கையின் அடியில் இருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. பம்பிலும் குழாயிலும் ஆவி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் மேலேறாது. இயந்திரத்தை அணைத்தபின் காற்று வடிகட்டியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தவாறு ஆக்சிலரேட்டர் நெம்புகோலை அசைத்தால், பெட்ரோல் பீச்சப்பட வேண்டும். பீச்சாவிடில், ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றி ஆறவிடலாம். அருகில் புகைபிடித்தல் ஆகாது. பெட்ரோல் நன்கு பீச்சியும் இயங்காவிடில், சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறும் இக்னிஷன் காயிலைப் பட்டறையில் சோதிப்பது தகும்.

புறப்படுமுன் நீர், பட்டை, மூடி ஆகிய மூன்றையும் பார்ப்போம். ஏற்றத்தில் சிறிய கியரில் நிதானமாகச் செல்வோம். ஐந்து நிமிடச் சோதனை பலருடைய உயிரைக் காக்கும்.