தவளைத் தோலில் ஒரு மருந்து

செம்பனை முள் காலில் குத்தினால் நாம் என்ன செய்கிறோம்? ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போய்விடுகிறோம். இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்தச் சின்னப் புண்ணே காலை வாங்கிவிடலாம். புண்ணில் புகுந்த கிருமி கொடுத்த மருந்துக்கு மசியாவிட்டால் டாக்டர் பாடு திண்டாட்டம்தான்.

இப்படி மருந்துக்கு மசியாத கிருமியை அடக்க ஒரு தவளை வழி காட்டியது. அமெரிக்காவில் மைக்கல் சாஸ்லோஃப் என்ற டாக்டர், ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைப் பையை எடுப்பார். பிறகு தைத்துத் தொட்டியில் விடுவார். தொட்டித் தண்ணீரோ கிருமி நிறைந்தது. ஆனாலும் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்காமல் ஆறியது. இது எப்படி என்று தேடினார். தவளையின் தோலே மருந்து சுரக்கிறது என்று 1987-இல் வெளியிட்டார். கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லை வைத்து அதற்கு மெகைனின் என்று பெயரிட்டார். (உடனே அல்லூரில் தவளை பிடித்துப் புண்ணில் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள்!)

இந்த வகை மருந்துக்குப் பெப்டைட் என்று பெயர். புரதத்தின் சின்னத் துண்டு அது. மெகைனின், 23 மணி கோத்த மாலை மாதிரி. நம் தோலிலும் இப்படிப்பட்டவை உண்டு. பெனிசிலின், கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டுவதைக் கெடுக்கிறது. கிருமி அந்த மருந்தையே வெட்டிப்போடக் கற்றுக்கொண்டால் கதை முடிந்தது. பெப்டைட்டோ பாட்டரியின் இரு முனைபோலக் கிருமியின் சவ்வை இழுத்து ஒட்டிக்கொண்டு பொத்தல் போட்டுவிடும். சவ்வையே மாற்றிக்கொள்வது கிருமிக்கு அவ்வளவு சுலபமில்லை.

பின்னே ஏன் நம் கிளினிக்கில் அது இல்லை? பெக்சிகனான் என்ற களிம்பாக்கி, இனிப்பு நீர்க்காரரின் கால் புண்ணுக்கே சோதித்தார்கள். பலன் போதவில்லை என்று 1999-இல் அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. 2016-இல் முடிந்த சோதனையிலும், மருந்தில்லாத வெறும் களிம்பைவிட அது மேலாக இல்லை. தொட்டியில் ஆறிய புண் வேறு, மனிதன் காலில் சீழ் வைத்த புண் வேறு.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. கொலிஸ்டின் என்பதும் ஒரு பெப்டைட் மருந்துதான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்ததை, வேறு எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசி ஆயுதமாக மறுபடி எடுத்தார்கள். அதையே பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். என்ன அநியாயம்! கொலிஸ்டினுக்கு மசியாத தன்மையை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடுகிறது என்று 2015-இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். மலேசியா 2019-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது.

ஆக, இன்று நம் கையில் இருப்பது பழைய மருந்துகள்தான். நம் வீடுகளிலோ, டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதியைப் பத்திரமாக வைத்திருந்து பிள்ளைக்குச் சளி பிடித்ததும் கொடுக்கிறோம். சாதாரணச் சளிக்கு அது கேட்கவே கேட்காது. கேப்சூலைப் பிரித்துப் புண்ணில் தூவுகிறவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் பூட்ஸைக் கழற்றியதும் தினம் உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியவில்லையென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணோ, சிவப்போ, வீக்கமோ இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். சம்பள நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.