வீட்டு இணையக் கணக்கைப் பார்ப்பது எப்படி?



சென்ற கோடையில் எங்கள் வீட்டு இணையத்தின் மாத அளவு, மாதம் முடிய 9 நாட்கள் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது. மேலதிகக் கட்டணமும் வந்தது. "இரவிரவாக விளையாடினால் இப்படித்தான்" என்று மகனைக் கடிந்துகொண்டோம். அவன் இல்லையென்றான், நாங்கள் நம்பவில்லை. பிறகுதான் கணக்கைத் திறந்து பார்த்தோம். அப்போது கற்றதை இங்கே தருகிறோம்.

கணக்கு எங்கே உள்ளது?

வீட்டிலுள்ள கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி யாவும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியின் வழியாகவே வைஃபையில் போய்வருகின்றன. வீட்டு வைஃபையில் இணைந்த கணினியில், இணைய முகவரி எழுதும் இடத்தில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று எழுதினால் பல ரவுட்டர்களின் பக்கம் திறக்கும். உரிய முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அங்கே இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைக் காணலாம். சில ரவுட்டர்கள் ஒவ்வொரு கருவியும் செலவழித்த அளவையும் காட்டும்.

தெரியாத பெயர் இருந்தால்?

உடனே அயலவரைச் சந்தேகிக்க வேண்டாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலாகக் கைத்தொலைபேசிகள் தம் உண்மையான வைஃபை முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. வீட்டுக் கருவிகளில் ஒவ்வொன்றாக வைஃபையை நிறுத்தி, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் ஒன்று எஞ்சினால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். 1997இல் வந்த டபிள்யூஇபி முறையை உடைக்கலாம் என்பது 2001இலேயே தெரிந்துவிட்டது. அது மட்டுமே உள்ள பழைய பெட்டியானால் மாற்றிவிடுவதே நல்லது.

எது தெரியும், எது தெரியாது?

இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டிய கடிதம் போலவே செய்தியை அனுப்புகின்றன. எந்தத் தளம், எந்நேரம், எவ்வளவு என்பவற்றை ரவுட்டரில் அறியலாம். உள்ளே எழுதியதை வாசிக்க முடியாது. விபிஎன் பயன்படுத்தினால் தளத்தின் பெயரும் மறையும். பிள்ளை தன் கைத்தொலைபேசியின் சொந்த இணைப்பில் போனால் எதுவும் இப்பெட்டிக்கு வராது. ஆகவே இதை முழுக் காவல் என்று எண்ணிவிடக் கூடாது.

எங்கள் கணக்கில் கண்டது

அதிகம் செலவழித்தது எங்கள் கைத்தொலைபேசியே! ஆலயத்தின் 10 நாள் திருவிழாவையும் நாளுக்கு ஒரு மணி நேரம் 4கே தரத்தில் படம்பிடித்திருந்தோம். நிமிடத்துக்கு 170 மெகாபைட் என்றால் 600 நிமிடங்களுக்கு ஏறக்குறைய 100 கிகாபைட். நாங்கள் உறங்கும்போது அவ்வளவும் இணையச் சேமிப்புக்குத் தானாக ஏறியிருந்தது. எங்கள் திட்டத்தில் ஏற்றுவதும் கணக்கில் சேரும். அந்த ஏற்பாட்டை நிறுத்தினோம். மகனிடம் மன்னிப்பும் கேட்டோம். "முதலில் பார்த்துவிட்டு ஏசியிருக்கலாமே, அப்பா" என்றான். பதில் சொல்ல இயலவில்லை.

பெற்றோரே, கணக்கைப் பாருங்கள். ஆனால் பார்க்கப்போவதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். ஒளித்துப் பார்த்தால் அவர்களும் ஒளிக்கப் பழகுவார்கள்.