ஜன்னல் ஓரமே ஸ்டூடியோ

முகம் பளிச்சென்று தெரியும் படத்துக்கு விலையுயர்ந்த ஃபிளாஷ் வேண்டாம். நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். ஆளை அதற்குப் பக்கவாட்டில், இரண்டு மூன்றடி தள்ளி உட்கார வையுங்கள். வெயில் சுள்ளென்று உள்ளே வந்தால் பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம். முகத்தின் மறுபாதி இருண்டு கிடந்தால் அந்தப் பக்கம் ஒரு தெர்மகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் செய்வதும் இதே வேலைதான். டியூப்லைட்டை மறக்காமல் அணையுங்கள்; இரண்டு வெளிச்சமும் கலந்தால் தோலின் நிறம் கெடும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

செல்போனில் எடுப்பவர்கள் முகத்தருகே போனை நீட்டாதீர்கள். மூக்கு பெரிதாகத் தெரியும். ஐந்தாறு அடி பின்னால் நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். திரையில் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸைத் துடைத்தீர்களா?

கேமராதான் வேண்டும் என்பவர்களுக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் தாராளம். பின்னணியை மங்கவைப்பதில் கேமராவோடு வரும் கிட் லென்ஸ் இதன் பக்கத்தில்கூட நிற்காது. வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சை படர்ந்திருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.