ஆட்டுக்குத் தழை, காப்பிக்கு நிழல்

சேர்வராயன் மலையில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காப்பியும், நாலைந்து வெள்ளாடுகளும், ஒரு பசுவும் வைத்திருக்கும் சிறு உழவர் குடும்பத்துக்கு மாசி, பங்குனி மாதங்கள் சோதனையானவை. ஓடையோரப் புல் காய்ந்துவிடுகிறது. சாமைத் தாள் தீர்ந்து போகிறது. பட்டியில் ஆடுகள் கத்துகின்றன. அப்போது கண்ணில் படுவது காப்பித் தோட்டத்தில் பசுமையாக நிற்கும் கல்யாண முருங்கையும் பலாவும்தான். கொடுவாளை எடுத்துக்கொண்டு ஏறி, நாளுக்கு ஒரு மரமாகக் கழித்துப் போடுகிறோம். ஆடுகளின் வயிறு நிறைகிறது. ஆனால் அதே வாரத்தில் காப்பிச் செடிகளின் தலைக்கு மேல் இருந்த குடையை நாமே பிடுங்கி விடுகிறோம். இதனால் விளையும் நட்டம் அன்றைக்குத் தெரியாது. அடுத்த ஆண்டில்தான் தெரியும்.

ஏற்காட்டுப் பகுதியில் பயிராகும் அராபிகா காப்பிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஆகும். ரொபஸ்டா காப்பியை இது நாடுவதில்லை. தாய் வண்டு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகள் காணப்படும். ஆண்டுக்கு இரண்டு முறை, அதாவது சித்திரை, வைகாசியில் ஒரு முறையும், ஐப்பசி முதல் மார்கழி வரை மற்றொரு முறையும், இவை பறந்து இனப்பெருக்கம் செய்கின்றன. நல்ல வெயில் படும் செடியைத் தேடிச் சென்று, முதன்மைத் தண்டிலும் தடித்த கிளைகளிலும் உள்ள பட்டை வெடிப்புகளில் முட்டையிடுகின்றன. பத்து நாட்களுக்குள் புழு வெளிவந்து முதலில் பட்டையின் அடியிலும், பின்னர் கட்டையினுள்ளும் குடைந்து செல்கிறது. ஒன்பது, பத்து மாதங்கள் இப்படியே உள்ளிருந்து தின்கிறது. மேலே இலை மஞ்சளாகி வாடும். தண்டில் விரலால் தடவினால் வரப்பு போன்ற மேடுகள் தட்டுப்படும். இளஞ்செடி ஓராண்டில் பட்டுப்போகும். முதிர்ந்த செடி சில ஆண்டுகள் காய்த்தும் காய்க்காமலும் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

பங்குனியில் மரம் கழிப்பது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். வண்டு பறக்கத் தொடங்குவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பாக நாம் தோட்டத்தைத் திறந்து வைக்கிறோம். தெற்கு, மேற்குச் சரிவுகளில் வெயில் அதிகமாதலால் அங்கே சேதமும் அதிகம்.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தது 1820களில். பின்னர் 1860களில் குடகிலும் மைசூரிலும் தோட்டம் தோட்டமாகக் காப்பி அழிந்தபோது, அதனை ஆராய்ந்த டாக்டர் பிடி 1869இல் வெளியிட்ட அறிக்கையில் நிழலின் தேவையை வற்புறுத்தினார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் நாம் அதே பாடத்தை அதே செலவில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

தழை எப்போது கழிக்கலாம்?

நிழலைக் கழிக்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. மழைக் காலத்தில் அடர்ந்த நிழல் இருந்தால் காப்பியில் நோய் பெருகும்; மிளகுக் கொடிக்கும் வெளிச்சம் போதாது. ஆனி, ஆடியில் மழை நிலைத்த பிறகு கல்யாண முருங்கையைக் கழித்து விடலாம். அது விரைவில் துளிர்த்து, ஐப்பசி வண்டு வருவதற்குள் ஓரளவு குடை பிடித்துவிடும். ஒரே நாளில் எல்லா மரத்தையும் மொட்டையடிக்காமல் வரிசை விட்டு வரிசை கழிப்பது நல்லது. அப்படிக் கிடைக்கும் தழை ஆட்டுக்குத்தான். ஆனால் அந்த மாதங்களில் மலையெங்கும் புல் இருக்கிறது! தழை வேண்டியிருப்பது கோடையில். ஆகவே கோடைத் தீவனத்தைத் தோட்டத்துக்கு வெளியே உண்டாக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி, நிழலுக்கு ஒரு மரம், தீவனத்துக்கு வேறு மரம் என்று பிரித்துவிடுவதாகும். ஆடி மழையில் கல்யாண முருங்கைப் போத்துகளை ஆளுயரத்துக்கு வெட்டி வேலியோரம் நடுங்கள். வேலி மரத்தை எந்த மாதத்தில் கழித்தாலும் காப்பிக்குக் கேடில்லை. அதனிடையே முசுக்கட்டைக் குச்சிகளையும் (பட்டுப்பூச்சிக்குப் போடும் அதே மல்பெரிதான்) மூன்று, நான்கு கணுக்கள் இருக்குமாறு வெட்டி நடலாம். வெள்ளாடு இதன் தழையை விரும்பித் தின்னும். சமவெளியில் புகழ்பெற்ற சூபாபுல் நம் மலையின் குளிருக்கும் புளிப்பு மண்ணுக்கும் அவ்வளவாக ஒத்துவராது. அதில் பணத்தைப் போட வேண்டாம்.

வீட்டுப் பின்புறம் ஒரு சென்ட் இடம் இருந்தால் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போடலாம். 60 × 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு பருக் கரணைகள் ஏறத்தாழ 130 பிடிக்கும். தொழுவம் கழுவும் நீரை வாய்க்கால் வெட்டி அதற்குத் திருப்பிவிட்டால் கோடையிலும் பசுமையாக இருக்கும். சமவெளியில் 75, 80 நாட்களில் முதல் அறுப்பும், பின்னர் 45 நாட்களுக்கு ஒரு முறையும் கிடைக்கும். மலையில், அதுவும் பனி மாதங்களில், இன்னும் தாமதமாகும். ஓரளவு நிழல் விழும் இடமானால் கினியாப் புல் ஏற்றது. எதுவானாலும் காப்பிச் செடிகளுக்கு நடுவே புல்லைப் போடாதீர்கள். செடிக்குச் சேர வேண்டிய நீரையும் உரத்தையும் அது பங்கு கேட்கும்.

பங்குனியிலும் புரட்டாசியிலும்

வண்டு பறப்பதற்கு முந்தைய இவ்விரு மாதங்களில் ஒவ்வொரு செடியையும் தடவிப் பார்க்க வேண்டும். தண்டில் மேடு தெரிந்த செடியை அடியோடு வெட்டிவிடுங்கள். துளை வேர்வரை இறங்கியிருந்தால் தோண்டி எடுக்க வேண்டும். அடுத்து நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. காப்பிக் கட்டை நன்றாக எரியும் விறகு. எனவே பெண்கள் அதைக் கொண்டுபோய் அடுப்பங்கரைச் சுவரோரம் அடுக்கி வைக்கிறார்கள். செடிதான் செத்ததே தவிர உள்ளிருக்கும் புழு சாகவில்லை. அது கட்டைக்குள்ளேயே வண்டாகி, சித்திரையில் வீட்டிலிருந்தே தோட்டத்துக்குப் பறக்கிறது. வெட்டிய கட்டையை அன்றே எரித்துவிடுங்கள். விறகாகத்தான் வேண்டும் என்றால் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை நீரில் முழுவதும் மூழ்க வைத்து, பிறகு உலர்த்திக்கொள்ளுங்கள்.

மீதமுள்ள செடிகளின் தண்டில் உரிந்து நிற்கும் பட்டையைத் தேங்காய் நார்க் கையுறையாலோ முரட்டுச் சாக்காலோ தேய்த்து எடுத்துவிட்டால், முட்டையிட இடுக்கு இருக்காது. பச்சைப் பட்டையில் காயம் படக்கூடாது. வண்டு பறக்கும் காலத்தில் 10 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு, ஒட்டிக்கொள்வதற்கு 5 மில்லி லிட்டர் பசை என்று கலந்து, வடிகட்டி, முதன்மைத் தண்டிலும் தடித்த கிளைகளிலும் படும்படி தெளிக்கலாம். இனக்கவர்ச்சிப் பொறி கிடைத்தால் ஏக்கருக்கு 10 வீதம் வைக்கலாம். முன்பு பரவலாகப் பயன்படுத்திய லிண்டேன் மருந்தின் பயன்பாடு 2013 மார்ச் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய டப்பா பரணில் கிடந்தாலும் தொடாதீர்கள்.

எத்தனை ஆடு?

தை மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மாசி முதல் வைகாசி வரை 120 நாட்கள். வளர்ந்த வெள்ளாடு ஒன்றுக்கு நாளைக்கு 4 கிலோ பசுந்தழை என்று கொண்டாலும், மூன்று ஆடுகளுக்கு 1,440 கிலோ வேண்டும். வேலி மரமும் புல்லும் எவ்வளவு தரும், பரணில் எவ்வளவு சாமைத் தாளும் கேழ்வரகுத் தாளும் இருக்கின்றன என்று பாருங்கள். பசுவின் பங்கை முதலில் கழித்துவிடுங்கள். போதவில்லை என்றால், விற்க வேண்டிய கிடாயைத் தையிலேயே விற்றுவிடுங்கள். அப்போது அது சதைப்பிடிப்போடு இருக்கும். சித்திரையில் எலும்பும் தோலுமாகச் சந்தைக்கு ஓட்டினால் வியாபாரி சொன்னதுதான் விலை.