கம்ப்யூட்டர் ஏன் நின்று போகிறது?

மூணாறு ஒரு மலை ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். எங்கு பார்த்தாலும் தேயிலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். டிசம்பர், ஜனவரியில் குளிர் நடுக்கும்.

அங்கே ஒரு எஸ்டேட். லயத்துக்குப் பக்கத்தில் சின்ன வாசகசாலை. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கம்ப்யூட்டரைக் கணினி என்றும் சொல்வார்கள். இது மேசை மேல் வைக்கும் வகை. ஒரு திரை. ஒரு பெரிய பெட்டி. எழுத்துத் தட்டும் பலகை ஒன்று.

லயத்துப் பெண்கள் குடும்பஸ்ரீ குழு நடத்தினார்கள். குடும்பஸ்ரீ என்பது கேரள அரசு 1998-இல் தொடங்கிய திட்டம். வாரந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பார்கள். தேவைப்பட்டவருக்குக் கடன் கொடுப்பார்கள். அந்தக் கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

ஒரு நாள் மாலை. செயலாளர் அக்கா கணக்கு ஏற்றிக் கொண்டிருந்தார். திடீரென்று திரை இருண்டது. கம்ப்யூட்டர் நின்று விட்டது. மறுபடி போட்டார். ஓடியது. சிறிது நேரத்தில் மறுபடி நின்றது. அந்த வாரம் ஏற்றிய கணக்கைக் காணவில்லை.

பேச்சு கிளம்பியது.

“நான் கட்டிய 200 ரூபாய் ஏறியதா, இல்லையா?”

“கம்ப்யூட்டர் தின்று விட்டதாம்! யார் நம்புவது?”

அக்காவின் முகம் வாடி விட்டது. அவர் ஒரு பைசாவில் கூடக் கை வைக்கவில்லை. ஆனால் எடுத்துக் காட்டக் கணக்கு இல்லையே!

டவுனில் ஒருவரிடம் போனில் கேட்டார்கள். அவர் வந்து பார்க்கவே இல்லை. “அது பழசு. புதுசு வாங்கி விடுங்கள்” என்றார். புதுசு வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?

பாட்டி கேட்ட கேள்வி

குழுவில் ஒரு பாட்டி இருந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர்.

கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991 ஏப்ரல் 18 அன்று அறிவிக்கப்பட்டது. அதை அறிவித்தவர் மந்திரி அல்ல. மலப்புறத்தைச் சேர்ந்த செலக்கோடன் ஆயிஷா. அவரும் வயதான பிறகு எழுத்துக் கற்ற பெண்தான். அவரைப் பற்றிப் பாட்டி அடிக்கடி பேசுவார்.

பாட்டி அக்காவைக் கூப்பிட்டார்.

“தாயி, காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் என்ன செய்வார்?”

“கேள்வி கேட்பார் பாட்டி. எப்போது வந்தது? எத்தனை நாளாக இருக்கிறது? என்ன சாப்பிட்டாய்?”

“ஊசி அதற்கு அப்புறம்தானே? இதற்கும் முதலில் கேள்வி கேட்போம். இது எப்போது நிற்கிறது? நிற்கும்போது என்ன நடக்கிறது? அதை எழுதி வைப்போம்.”

பாட்டியின் பேத்தி ஐ.டி.ஐ.-யில் படிப்பவள். அவள் சொன்னாள்: “நல்ல யோசனை பாட்டி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உள்ளே மிச்சம் இருக்கும் கணக்கைக் காப்பாற்ற வேண்டும்.”

அவள் சரியாகச் சொன்னாள். நின்று நின்று ஓடும் கம்ப்யூட்டர் ஒரு நாள் ஓடாமலே போகலாம். அதனால் நகல் எடுப்பதுதான் முதல் வேலை. விரல் அளவு பென் டிரைவில் பல ஆண்டுக் கணக்கு அடங்கும். பேத்தி கம்ப்யூட்டரைப் போட்டாள். அது நிற்பதற்குள் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்தாள். போன வாரக் கணக்கு தவிர மற்றது எல்லாம் தப்பியது.

நோட்டில் எழுதியது

பாட்டி ஒரு நோட்டை எடுத்தார். கம்ப்யூட்டர் நின்ற போதெல்லாம் எழுதினார். ஒரு வாரத்தில் நான்கு வரிகள் சேர்ந்தன.

திங்கள், மாலை 5.40. போட்டு 25 நிமிடம் ஆனது. கணக்கு ஏற்றும்போது நின்றது. பெட்டி சுட்டது.

புதன், மாலை 5.50. போட்டு 20 நிமிடம் ஆனது. யாரும் தொடவில்லை. நின்றது. பெட்டி சுட்டது.

வியாழன், மாலை 6.45. போட்டு 3 நிமிடம்தான். விளக்கு மங்கியது. உடனே நின்றது. பெட்டி சுடவில்லை.

சனி, காலை 10.25. போட்டு 25 நிமிடம் ஆனது. நின்றது. பெட்டி சுட்டது.

பேத்தி நோட்டைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“பாட்டி! இங்கே இருப்பது ஒரு நோய் அல்ல. இரண்டு நோய்!”

முதல் நோய்: சூடு

மூன்று நாளும் 20, 25 நிமிடத்தில் நின்றது. மூன்று நாளும் பெட்டி சுட்டது. காலை, மாலை என்ற வேறுபாடு இல்லை. காரணம் சூடு.

மூணாறுக் குளிரில் சூடா? ஆம். ஊர் குளிரலாம். பெட்டிக்குள் குளிராது. கம்ப்யூட்டருக்கு மூளை போன்ற ஒரு சின்னச் சில்லு உண்டு. வேலை செய்யும்போது அது சூடாகும். அதன் மேல் ஒரு சின்ன மின்விசிறி சுற்றி, சூட்டை வெளியே தள்ளும். விசிறியில் தூசி அடைத்தால் சூடு வெளியே போகாது. சில்லின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆபத்து. அது கருகிப் போகாமல் இருக்கக் கம்ப்யூட்டர் தானே நின்று விடும்.

போடிமெட்டு ஏற்றத்தில் ஜீப் சூடேறி நிற்பது போலத்தான் இது. ஓட்டுநர் புது ஜீப் வாங்க ஓடுவதில்லை. ரேடியேட்டரைப் பார்ப்பார்.

பேத்தி பெட்டியின் பின்புறம் பார்த்தாள். காற்றுப் போகும் துளைகளைக் காணோம். ஒரு பழைய கம்பளி அவற்றை மூடி இருந்தது.

“இதை யார் போர்த்தியது?”

பாட்டி தலை குனிந்தார். “நான்தான் கண்ணு. பனியில் நனைந்து விடுமே என்று போர்த்தினேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நோட்டில் எழுதச் சொன்னார் அக்கா.

கம்ப்யூட்டரை மூடி வைப்பது தவறல்ல. ஓடும்போது மூடுவதுதான் தவறு. நிறுத்தி, சூடு ஆறிய பிறகு துணியால் மூடலாம். போடும் முன் துணியை எடுத்து விட வேண்டும்.

பேத்தி பெட்டியைச் சுத்தம் செய்தாள். அதற்கு ஒரு முறை உண்டு.

1. கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும். பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

2. பெட்டியின் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். முதலில் பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் தொட வேண்டும். உடம்பில் சிறிது மின்சாரம் தேங்கி இருக்கும். அது சில்லுகளைக் கெடுக்கும். இரும்பைத் தொட்டால் அது இறங்கி விடும்.

3. உலர்ந்த, மெல்லிய பிரஷால் தூசியைத் தட்ட வேண்டும். ஈரத் துணி கூடாது.

4. விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொண்டு துடைக்க வேண்டும். வேகமாகச் சுழல விடக் கூடாது.

5. உள்ளே ஒரு தனி இரும்புப் பெட்டி இருக்கும். மின் கம்பி அதில்தான் வந்து சேரும். அதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கி இருக்கும். உயிருக்கு ஆபத்து.

தூசி போனது. மூடியைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை.

இரண்டாம் நோய்: மின்சாரம்

வியாழக்கிழமை மட்டும் பெட்டி சுடவில்லை. அன்று விளக்கு மங்கியது. நேரம் மாலை 6.45. எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரம். சிலர் தண்ணீர் சுட வைக்கும் நேரம். அப்போது வோல்டேஜ் குறையும்.

மூணாறுக்கு மின்சாரம் புதிதல்ல. பக்கத்தில் உள்ள பள்ளிவாசலில் 1940-லேயே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். கேரளத்தின் பழைய நீர்மின் நிலையங்களில் அதுவும் ஒன்று. ஆனால் மலையில் காற்றும் மழையும் அதிகம். மரம் சாயும். கம்பி அறும். வீட்டுக்கு 230 வோல்ட் வர வேண்டும். எப்போதும் அப்படி வருவதில்லை.

அதற்காகத்தான் யு.பி.எஸ். என்ற பெட்டியை வைக்கிறார்கள். அதற்குள் ஒரு பேட்டரி இருக்கும். வோல்டேஜ் மிகவும் குறைந்தால் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும். கணக்கைச் சேமித்து, கம்ப்யூட்டரை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். பேட்டரி செத்துப் போயிருந்தால் அந்தச் சில நிமிடமும் கிடைக்காது.

பேத்தி ஒரு சோதனை செய்தாள். யு.பி.எஸ். பெட்டிக்கு நன்றாக மின்சாரம் ஏற விட்டாள். அதில் கம்ப்யூட்டருக்குப் பதிலாக ஒரு மேசை விளக்கை மாட்டினாள். பிறகு சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு உடனே அணைந்தது. பேட்டரிக்கு ஆயுள் முடிந்து விட்டது.

புதிய பேட்டரி வாங்கினார்கள். புதுக் கம்ப்யூட்டரின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவுதான்.

இன்னொன்றும் முடிவு செய்தார்கள். அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி மின்னல் அதிகம். இடி கேட்பதற்கு முன்பே, வானம் கறுக்கும்போதே கம்ப்யூட்டரை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கி விட வேண்டும். இடி இடிக்கும்போது பிளக்கைத் தொடக் கூடாது.

வேறு நோய்களும் உண்டு

எல்லாக் கம்ப்யூட்டரும் சூட்டால் மட்டும் நிற்பதில்லை. வேறு அடையாளங்களும் உண்டு.

ஒரே ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் நிற்கிறதா? அந்த வேலைக்கான புரோகிராமில் கோளாறு இருக்கலாம். கடைசியாகப் புதிதாக எதைச் சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதை நீக்கிப் பார்க்கலாம்.

நேரம் காலம் இல்லாமல் நிற்கிறதா? திரை முழுவதும் நீலமாகி எழுத்துகள் வருகின்றனவா? நினைவகப் பட்டை தளர்ந்திருக்கலாம். அல்லது கெட்டிருக்கலாம். திரையில் வரும் எழுத்தை அப்படியே எழுதிக் கொள்ள வேண்டும். செல்போனில் படமும் எடுக்கலாம். பழுது பார்ப்பவருக்கு அந்த எழுத்துதான் வழி காட்டும்.

உள்ளே ‘கர் கர்’ என்று சத்தம் வருகிறதா? எல்லாம் மெதுவாக நடக்கிறதா? தகவல் வைக்கும் தட்டு கெடத் தொடங்கி இருக்கலாம். உடனே நகல் எடுக்க வேண்டும்.

திரையில் ஒரு போன் எண் வந்து, “உடனே பேசு, பணம் கட்டு” என்கிறதா? அது ஏமாற்று வேலை. பேசக் கூடாது. பணம் கட்டக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் நான்கை மாற்றினால் எது சரியானது என்று தெரியாமல் போகும்.

பெரியவர்களும் எழுதி வைத்தார்கள்

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1947-இல் அங்கே ஓர் அறை அளவு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. செப்டம்பர் 9 அன்று அதில் கோளாறு வந்தது. தேடிப் பார்த்தார்கள். உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அந்தப் பூச்சியை எடுத்து வேலை நோட்டில் ஒட்டினார்கள். பக்கத்தில் விவரம் எழுதினார்கள். அந்த நோட்டு இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றன. போட்டால் நிற்கும். மறுபடி போட்டால் மறுபடி நிற்கும். காரணம் சூடு அல்ல. மின்சாரம் அல்ல. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு. அதை நீக்கிய பிறகு கம்ப்யூட்டர்கள் ஓடின. அன்று இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் ஏறும் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

கணக்கு கிடைத்தது

குழுவின் காணாமல் போன கணக்கு என்ன ஆயிற்று? உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஒரு பாஸ் புத்தகம் இருந்தது. பணம் வாங்கியதும் அக்கா அதில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். எல்லோரும் பாஸ் புத்தகத்தைக் கொண்டு வந்தார்கள். பாட்டி ஒவ்வொன்றாகப் படித்தார். பேத்தி கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கூட்டிப் பார்த்தார்கள். பெட்டியில் இருந்த பணமும் கணக்கும் ஒரு ரூபாய் கூடப் பிசகவில்லை.

“கம்ப்யூட்டர் தின்று விட்டதா?” என்று கேட்டவர் அக்காவின் கையைப் பிடித்துக் கொண்டார். “தப்பாகப் பேசி விட்டேன் அக்கா” என்றார். அக்காவுக்குக் கண் கலங்கியது.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிறது. அதன் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. நூலில் ஒரு பேனாவும் கட்டி இருக்கிறது. கம்பளி பாட்டியின் தோளில் இருக்கிறது.

நினைவில் வைக்க

முதலில் நகல் எடுக்க வேண்டும்.
எப்போது நின்றது, எப்படி நின்றது என்று எழுத வேண்டும்.
காற்று வழியை மூடக் கூடாது.
யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.
ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.
மின்சாரம் வந்து சேரும் இரும்புப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

பயிற்சி

1. கம்ப்யூட்டரில் இரண்டு நோய் இருப்பது எப்படித் தெரிந்தது?
2. வியாழக்கிழமை எழுதிய வரி மற்ற வரிகளிலிருந்து எப்படி வேறுபட்டது?
3. காணாமல் போன கணக்கை எதை வைத்துச் சரி செய்தார்கள்?
4. உங்கள் வீட்டில் அடிக்கடி கெடும் பொருள் ஒன்று இருக்கிறதா? அது எப்போது, எப்படிக் கெடுகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.