கிளினிக் வேலைக்கு மாறும் நர்ஸ்கள் கவனிக்க

இரவுப் பணி இல்லை என்பதே பல நர்ஸ்களைப் பெரிய மருத்துவமனையிலிருந்து தனி டாக்டரின் கிளினிக்குக்கு இழுக்கிறது. அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் மாறும் முன் சம்பளத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பொதுவாக பி.எஃப். கட்டாயமில்லை; 10 பேருக்குக் குறைவென்றால் ஈ.எஸ்.ஐ.யும் பணிக்கொடையும் கட்டாயமில்லை. டாக்டர், நர்ஸ், டோக்கன் கொடுப்பவர் என நாலைந்து பேரே உள்ள கிளினிக்கில் மூன்றுமே கிடைக்காமல் போகலாம். நிரந்தரப் பணியில் ஐந்து ஆண்டு நிறைவை நெருங்கிவிட்டவர்கள், சில மாதம் பொறுத்துப் பணிக்கொடையோடு கிளம்புவதே நல்லது. பி.எஃப். பணத்தையும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அதன் ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை வேண்டும்.

"சின்ன இடம், வேலைப் பளு குறைவு, அதற்காக இதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாமே" என்பார்கள். மாலையில் திறக்கும் கிளினிக் பல ஊர்களில் இரவு பத்து மணி வரை நீளும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தில் நீங்கள் கிளம்ப வேண்டியிருக்கும். பொறுப்பும் குறையாது. ஊசி போட்ட சில நிமிடங்களில் நோயாளிக்கு ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறினால், ஓடிவர அங்கே அவசரக் குழு கிடையாது. ஆகவே வேலை பேசப் போகும்போதே அட்ரினலின் ஆம்பூல் இருக்கிறதா, அதன் காலாவதித் தேதி என்ன, ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டாக்டர் இல்லாத நேரத்தில் மருந்து கொடுக்கச் சொல்வார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள். வேலை நேரம், விடுப்பு, சம்பளம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அனுபவச் சான்றிதழ் கைக்கு வராமல் பழைய இடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.