தகடு வெட்டுவதற்குரிய தட்டைப் படக் கோப்பு

மின்விசைப் பெட்டி, இயந்திரத் தாங்கி முதலியன இன்று பெரும்பாலும் லேசர் கதிரால் வெட்டிய உலோகத் தகடுகளை மடித்தே ஆக்கப்படுகின்றன. வடிவமைப்போர் கணிப்பொறியில் அமைப்பது முப்பரிமாண உருவம். வெட்டும் பட்டறைக்கு வேண்டுவதோ அவ்வுருவம் அன்று. மடிப்புகளை விரித்துத் தட்டையாக்கிய புறவரையே. இதனை அனுப்பப் பெரிதும் பயன்படுவது டி.எக்ஸ்.எஃப். என்னும் கோப்பு வகை ஆகும். 1982-ஆம் ஆண்டில் ஆட்டோகேட் மென்பொருளுடன் வெளிவந்த இவ்வகையைப் பிற மென்பொருள்களும் ஏற்றுக்கொண்டன.

இக்கோப்பில் அடங்கியவை கோடு, வில், வட்டம் ஆகியவற்றின் எண்களே. அவ்வெண்கள் மில்லிமீட்டரா அங்குலமா என்று குறிக்கக் கோப்பின் தலைப்பகுதியில் இடம் உண்டு. ஆயினும் அது நிரப்பப்படாமல் விடுபடுதலும், படிக்கும் மென்பொருள் அதனைப் பொருட்படுத்தாமையும் உண்டு. அப்பொழுது 100 மி.மீ. நீளம் 2540 மி.மீ. ஆகிவிடும். இத்தகைய பெரும்பிழை உடனே கண்ணிற்படும். அஞ்சத்தக்கது சிறு பிழையே.

2 மி.மீ. தடிப்புள்ள தகட்டால், வெளியளவு 50 மி.மீ., 30 மி.மீ. கொண்ட ‘ட’ வடிவத் தாங்கி ஒன்று செய்ய வேண்டுமெனக் கொள்வோம். மடிப்பின் உள் ஆரம் 2 மி.மீ. எனின், வளையாத பகுதிகள் 46, 26 மி.மீ. ஆகும். வளைந்த பகுதியை, மடிக்கையில் நீளாமலும் சுருங்காமலும் நிற்கும் நடுநிலைத் தளத்தின்மீது அளத்தல் வேண்டும். அத்தளம் உட்புறத்திலிருந்து தடிப்பில் 0.4 பங்கு தள்ளியிருப்பின், வளைவின் நீளம் 1.571 × (2 + 0.8), அதாவது 4.4 மி.மீ.; தட்டைத் தகட்டின் மொத்த நீளம் 76.4 மி.மீ. இந்த 0.4 மாறா எண் அன்று. உலோகத்தையும், உள் ஆரத்தையும், மடிக்கும் அச்சையும் பொறுத்துப் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வரை மாறும். 0.1 வேறுபாட்டால் மடிப்பு ஒன்றுக்கு 0.3 மி.மீ. பிழை நேரும், நான்கு மடிப்புள்ள பெட்டியில் அது ஒன்றேகால் மி.மீ. ஆகித் திருகாணித் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. நூறு தகடுகள் வெட்டிய பின்னரே இது தெரியவரும். ஆதலின் அவ்வெண்ணை மடிக்கும் பட்டறையிடமே கேட்டறிதல் நன்று.

கோப்பில் வெட்டவேண்டிய கோடுகள் மட்டும் மெய்யளவில் இருத்தல் வேண்டும். அளவுக்கோடுகளும் பெயர்க்கட்டமும் நீக்கப்பட வேண்டும். படத்தை அழகுற முடிக்கப் பழகிய மாணவர்க்கு இது சற்று வருத்தமாகவே இருக்கும். ஒரே கோடு இருமுறை வரையப்பட்டிருப்பின் கதிர் அவ்வழியே இருமுறை சென்று விளிம்பைக் கெடுக்கும். புறவரை எங்கேனும் மூடாதிருந்தால் உட்புறம் எது, வெளிப்புறம் எது என்பது மென்பொருளுக்கு விளங்காது. கதிரின் அகலத்திற்கான திருத்தத்தைப் பட்டறையினரே செய்வர். வடிவமைப்பவரும் செய்தால் இருமுறை ஆகிவிடும். மடிப்புக் கோடுகளைத் தனிப் படலத்தில் வைத்தல் வழக்கம்.

மடிப்பு மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா என்பதைத் தட்டைக் கோடு தானே காட்டாது. எனவே உலோகம், தடிப்பு, எண்ணிக்கை, மடிப்பின் திசை ஆகியவற்றைக் காட்டும் அளவுப் படம் ஒன்றையும் உடன் அனுப்புவர். வகுப்பில் இதனை விளக்க, கோப்பை மெய்யளவில் தாளில் அச்சிட்டு, கத்தரித்து, மடித்துப் பார்க்கச் செய்யலாம். திசை மாறிய பொருள், கண்ணாடியில் தெரியும் உருவம்போல் இடவலம் மாறி வருவதை மாணவர் அப்போதே காண்பர்.